மேற்கு மதிலை அடைக்காதே, தம்பி

தம்பிக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், நீ சுகமா, ஊரில் இன்னாருக்குப் பிள்ளை பிறந்தது என்று எழுதுகிற வழக்கமான கடிதம் இல்லை இது. அதெல்லாம் பிறகு. நீ சின்னராசா மேசனுக்கு எழுதின கடிதம் சனிக்கிழமை அவன் கைக்குக் கிடைத்தது. அன்று பின்னேரமே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, மேற்கு மதிலின் உடைப்பை முழத்தால் அளந்து பார்த்து, "அம்மா, வியாழக்கிழமை நல்ல நாள், வேலையைத் தொடங்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இன்று செவ்வாய். இந்தக் கடிதம் குவைத்துக்கு வந்து உன் கையில் ஏறப் பதினைந்து நாள் பிடிக்கும். அது தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். தந்தி அடிக்கலாம்தான். "மதில் கட்டாதே" என்று தந்தியில் இரண்டு சொல் வந்தால் நீ என்ன நினைப்பாய்? கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்பாய். இதை இரண்டு சொல்லில் சொல்ல ஏலாது. இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தரம் எழுந்து போய் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டேன். வடகிழக்கு மூலை கறுத்துக் கிடக்கிறது. ஐப்பசி பிறந்தும் இன்னும் ஒழுங்காக ஒரு மழை பெய்யவில்லை. பிந்தி வருகிற மழை மொத்தமாகத்தான் வரும்.

உன்னிலும் பிழை இல்லை. மாப்பிள்ளை பகுதியார் வீடு பார்க்க வந்தபோது அந்த மனிசன், மாப்பிள்ளையின் தாய்மாமன், கிணற்றடிப் பக்கம் போய் நின்று, "என்ன, மதில் உடைஞ்ச வீட்டையோ பிள்ளைக்குச் சீதனமா எழுதிறியள்?" என்று எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டார். உன் தங்கச்சிக்கு முகம் செத்துப்போயிற்று. அவர்கள் போனபிறகு குசினிக்குள் இருந்து அழுதாள். அவள்தான் உனக்கு எழுதினாள், எனக்குத் தெரியும். அதற்கு நீ எழுதின பதிலையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். "அப்பா கட்டின மதிலை வெள்ளம் உடைச்சபடியால்தானே எங்கடை குசினி விழுந்தது. இந்தமுறை எந்த வெள்ளத்தாலும் அசைக்க ஏலாத மதிலாக் கட்டுவிப்பம், முற்றம் முழுக்கச் சீமெந்தும் போடுவிப்பம்" என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்ட நேரம் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அது உன் வாயில் வந்தாலும் நான் சொன்ன பொய். எட்டு வயதில் உன்னை மடியில் வைத்துச் சொன்ன பொய்யை நீ இருபத்தெட்டு வயதிலும் நம்பி, அதன்மேல் மதில் கட்டப் போகிறாய். தம்பி, அந்த மதிலை வெள்ளம் உடைக்கவில்லை. நான்தான் உடைத்தேன். கிடங்கு தோண்டுகிற இரும்பு அலவாங்கால், பட்டப்பகலில், என் இரண்டு கையாலும்.

அந்த மதில் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். அதற்கு முன்னம் எங்கள் வளவுக்கும் பெரியப்பா வளவுக்கும் நடுவில் கிளுவங்கதியால் போட்டு ஓலை கட்டின வேலி. வருடா வருடம் வேலி அடைப்பார்கள், வருடா வருடம் சண்டை வரும். கதியால் பட்டுப்போன இடத்தில் புதுக்கதியால் நடும்போது பெரியப்பா ஒரு விரற்கடை இங்காலே தள்ளி நடுவார். அப்பா கடையை விட்டு ஊருக்கு வராத வருடம் இரண்டு விரற்கடை. இது நம்முடைய ஊரில் இல்லாத புதினமா? அண்ணன் தம்பி இரண்டு பேரும் கத்துவார்கள், மூன்று நாள் முகம் பார்க்க மாட்டார்கள், நாலாம் நாள் கோயிலில் ஒன்றாக நிற்பார்கள். ஆனால் தெற்கில் சிங்கள ஊரில் அப்பாவின் கடை எரிந்த பிறகு எல்லாம் மாறிப்போயிற்று. கலவரத்தில் தப்பி உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து இறங்கினார். ஆறு மாதம் படலை திறக்கிற சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். யார் என்று தெரிந்த பிறகும் திரும்பக் குந்த மாட்டார். பிறகு திரும்பவும் போய், அதே தெருவில் கடையைத் தூக்கி நிறுத்தினார். அந்தத் துணிவுக்கு நான் இன்றைக்கும் கும்பிடுவேன். கடை நிமிர்ந்ததும் வீட்டுக்கு அவர் செய்த முதல் காரியம் நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சீமெந்துக்கல் மதில். கேட்டவர்களுக்கு அண்ணன் வேலி தள்ளுகிறார் என்று சொன்னார். அது ஒரு சாட்டுத்தான். எரிந்த கடைக்காகத்தான் அந்த மனிசன் மதில் கட்டினார். எனக்கு அது தெரியும். தெரிந்தபடியால்தான் வாய் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்து நிலம் உனக்கு நினைவிருக்கும். கண்ணுக்கு மட்டமாகத் தெரியும், தண்ணீருக்கு மட்டமில்லை. மேற்கே ஐந்து வளவு தாண்டி விழுகிற மழையும் வேலிகளின் அடியால் ஊர்ந்து, பெரியப்பா வளவுக்கு வந்து, எங்கள் முற்றத்தால் ஓடி, படலையால் ஒழுங்கையில் இறங்கித்தான் குளத்துக்குப் போகும். வேலிக்கு அது பாரமில்லை. ஓலைக்குக் கீழே இடைவெளி இருக்கும். கால் நனையும், அவ்வளவுதான். அத்திவாரம் வெட்டுகிற அன்று பெரியப்பா வந்து எல்லையில் நின்றார். "தம்பி, கட்டு. வேண்டாமெண்டு சொல்லேல்லை. தண்ணி போக அடியிலை நாலு துவாரம் விட்டுக் கட்டு." அப்பா அவரைப் பார்க்காமலே மேசனிடம் சொன்னார்: "துவாரம் விட்டால் பிறகு அதுக்காலை கை நீளும். இறுக்கிக் கட்டு." வெள்ளம் வருமுன் அணை போடு என்று பழமொழி வேறு சொன்னார். அணை போடச் சொன்னவர்கள் எங்கே போடவேண்டும் என்று சொல்லாமல் போய்விட்டார்கள். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். அதை ஒளிப்பதில் என்ன இருக்கிறது? கிணற்றடியில் நாலு பேர் கண் படாமல் குளிக்கலாம். எங்கள் ஒழுங்கையிலேயே முதல் மதில். கோயிலுக்குப் போகும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். மேசன் மட்டும் ஒன்று சொன்னான்: கடற்கரை மண்ணை நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசாமல் கலவை போட்டால் உப்பு ஊறிக் கல் இளகும் என்று. அப்பாவுக்கு அவசரம், திரும்பக் கடைக்குப் போகவேண்டும். அலசவில்லை. அந்த உப்பு மண்தான் பிறகு ஒரு உயிரைக் காப்பாற்றியது.

முதல் வருடம் மாரி பொய்த்தது. இரண்டாம் வருடம் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் ஊற்றியது. அப்பா கடையில். இரண்டாம் நாளே உன்னையும் தங்கச்சியையும் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், அவர்களுடைய வீடு மேட்டில் என்று. மூன்றாம் நாள் மதியம், நான் அடுப்பில் உலை வைத்திருந்தேன். மதிலுக்கு அப்பால் பெரியம்மாவின் குரல். ஒன்றரை வருடமாக இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை. "இஞ்சேர் பிள்ளை! சுவர் கரையுதடி! என்ரை மகள் தேவி பிள்ளை பெத்து ஒன்பது நாள், எழும்ப ஏலாமல் கிடக்கிறாள்!" நான் உடுப்புத் தோய்க்கிற கல்லில் ஏறி எட்டிப் பார்த்தேன். இங்கே எங்கள் முற்றத்தில் வெறும் ஈரம். அங்கே இடுப்பளவு தண்ணீர், ஓட வழியில்லாமல் எங்கள் மதிலில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அவர்களுடைய வீடு மண்சுவர். தேத்தண்ணியில் தோய்த்த விசுக்கோத்து மாதிரி அடியிலிருந்து ஊறிக் கழன்று கொண்டிருந்தது. பெரியப்பா பின்சுவருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றார். ஒரு சுவரை ஒரு மனிசன் தாங்கலாமா?

இனி எழுதப்போவது உடைத்ததைவிடப் பெரிய பிழை. நான் கல்லில் இருந்து இறங்கிக் குசினிக்குள் போனேன். போய் உலையில் அரிசி போட்டேன். உலையைத் துழாவினேன். அப்பா வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். அவர் ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்துக் கட்டுவித்த மதில். வெளியே ஒருத்தி கத்திக்கொண்டிருக்கிறாள், நான் சோறு பதம் பார்க்கிறேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. சோறு வெந்துவிட்டது, அதனால் குறைந்த நேரமில்லை. பிறகு பொத்தென்று ஒரு சத்தம், பின்சுவர் விழுந்த சத்தம். அதுவரை அழுதுகொண்டிருந்த குழந்தையின் சத்தம் நின்றுபோயிற்று. அந்த அமைதி இருக்கிறதே, தம்பி, நான் சாகும்வரை என் காதில் இருக்கும். கொட்டிலுக்கு ஓடி அலவாங்கை எடுத்தேன்.

அடியில் இரண்டாவது வரிக் கல்லில் குத்தினேன். பூச்சு பொருபொருத்துக் கொட்டியது. அந்த உப்பு மண் கல்லைப் பிடித்திருக்கவே இல்லை, சும்மா பக்கத்தில் நின்றிருக்கிறது. ஒரு கல் கழன்றதும் தண்ணீர் என் வயிற்றில் பீச்சி அடித்தது. ஆறாவது கல்லோ ஏழாவதோ, எண்ணவில்லை, ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு மதில் அப்படியே சரிந்து என்னையும் வாரிக்கொண்டு போய்க் கிணற்றுக் கட்டில் மோதியது. என் முழங்காலுக்குக் கீழே உள்ள தழும்பைக் காட்டி நீ சின்னனில் கேட்பாய், படலையில் தடக்கி விழுந்தது என்பேன். அதுவும் பொய். வெள்ளம் நேரே குசினிக்குள் போயிற்று. வெந்த சோற்றுப் பானை மிதந்து போனதைப் பார்த்தேன். பின்னேரத்துக்கு முன் குசினிச் சுவரும் இடிந்து விழுந்துவிட்டது. பெரிய வீடு கல் அத்திவாரம், தப்பிவிட்டது. அங்கே ஒரு மணித்தியாலத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வடிந்தது. தேவி கிடந்த அறைச்சுவர் நின்றது. பெரியப்பா குழந்தையைச் சீலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த உடைப்பால் வந்தார். குழந்தைக்கு ஒன்றுமில்லை, பால் குடித்துக்கொண்டிருந்ததாம், அதுதான் சத்தம் நின்றது. பெரியப்பா என்னைப் பார்த்தார், கிணற்றடியில் கிடந்த அலவாங்கைப் பார்த்தார். காலால் அதை மெல்ல வாழைக்குக் கீழே தள்ளிவிட்டு, "வெள்ளம் மதிலை உடைச்சுப்போட்டுது, என்ன பிள்ளை?" என்றார். "ஓம் அத்தான்" என்றேன். அன்று தொடக்கம் அதுதான் கதை.

தைப்பொங்கலுக்கு வந்த அப்பா உடைப்பின் முன்னால் நெடுநேரம் குந்தியிருந்தார். "கடல் மண்ணாலை வந்த வினை" என்று மட்டும் சொன்னார். உடனே அடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். நான் சாத்திரியாரைச் சாட்டினேன், அந்தப் பக்கம் இந்த வருடம் கல் வைக்கக் கூடாதாம் என்று. அடுத்த வருடம் நல்ல மண் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் உன் படிப்பு. பிறகு அவர் கதைக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு புரட்டாதியும் ஊருக்கு வந்தால், முதல் வேலையாக மண்வெட்டியோடு போய் அந்த உடைப்பில் சேர்ந்த மண்ணையும் சருகையும் வாரிப் படலைவரை வாய்க்காலைத் துப்புரவாக்குவார். சும்மா இருக்க ஏலாத மனிசன், அதுதான் செய்கிறார் என்று நான் நினைத்தேன். வீட்டைத் தண்ணீரிலிருந்து காக்கிற வேலை முழுவதையும் நான் அவரைப் பார்த்துத்தான் பழகினேன். ஓட்டுப் பீலியில் வேப்பஞ்சருகு ஒன்று இருக்கவிட மாட்டார். பீலி அடைத்தால் தண்ணீர் சுவருக்குள்தான் இறங்கும், சுவர் அதைச் சொல்லாது, மூன்று வருடம் கழித்துக் கூரைக் கைமரத்தைக் கறையான் தின்றபிறகுதான் சொல்லும். சுவரோரம் மண்ணை அணைத்து வெளிப்பக்கம் சரிய விடுவார். புதுக்குசினிக்கு அடியில் கருங்கல் வைத்தார். உவர் ஏறிப் பூச்சுக் கழன்ற இடத்தில் மேலால் பூசி மறைக்காமல் சுரண்டி, வெயிலில் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு பூசுவார். இதெல்லாம் இனி உன் தங்கச்சி செய்யவேண்டும். அவளுக்கு நான் வாயால் சொன்னால், "உங்களுக்கு எந்தநேரமும் தண்ணிக் கதைதான்" என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன், அப்பா படுக்கையில் விழுந்த கடைசி மாதம், வெளியே மழை. விறாந்தை மரவாங்கிலில் சாய்த்து இருத்திக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். உடைப்பால் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், சொன்னார்: "இஞ்சேரும், வெள்ளத்துக்கு அலவாங்கு பிடிக்கத் தெரியாது."

கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மிஞ்சின கல்லிலை குத்தின அடையாளம் இருந்தது. வந்த அண்டைக்கே கண்டனான்."

"கண்டால் ஏன் கேக்கேல்லை? இவ்வளவு காலமும் நான் பயந்து செத்தனே!"

"கேட்டால் நீர் சொல்லியிருப்பீர். சொன்னால் எனக்கு ரோசம் வந்திருக்கும். ரோசம் வந்தால் திரும்பக் கட்டியிருப்பன்." கஞ்சிக்கு வாயைத் திறந்தார். பிறகு, "அண்ணன் சொன்னவர், துவாரம் விடச் சொல்லி" என்றார். பெரியப்பா அதற்கு முதல் வருடம் கண்ணை மூடிவிட்டார். தம்பி, அப்பா அழுது நான் பார்த்தது இரண்டே தரம். கப்பலால் வந்து இறங்கிய அன்று ஒருதரம், அன்று ஒருதரம்.

நீ அப்பாவின் மதில், அப்பாவின் மதில் என்று எழுதுகிறாய். அப்பாவின் மதில் அது இல்லை. அப்பா பதினேழு வருடம் மண்வெட்டி பிடித்துத் திறந்து வைத்திருந்த உடைப்புத்தான் அப்பாவினுடையது. அதைத்தான் நீ அடைக்கச் சொல்லியிருக்கிறாய். இப்போது மேற்கே ஐந்து வளவில் மூன்றுக்கு மதில் வந்துவிட்டது, எல்லாம் வெளிநாட்டுக் காசு. முந்திப் பரவி வந்த தண்ணீர் இப்போது ஒடுங்கி, வேகமாகப் பெரியம்மா வளவுக்கு வருகிறது. அவர்கள் கல்வீடு கட்டிவிட்டார்கள்தான், பள்ளம் அதே பள்ளம்தானே? அன்று ஒன்பது நாள் குழந்தையாக அந்த உடைப்பால் வந்தவள் வாசுகி. இதை எழுதும்போதும் எங்கள் குசினியில் இருந்து உன் தங்கச்சியின் கலியாணத்துக்குப் பயற்றம் பணியாரம் சுடுகிறாள். வீட்டுக்கு ஒழுங்கையால் சுற்றி வரமாட்டாள், உடைப்பால்தான் வருவாள். அவளுக்கும் தெரியாது. முற்றத்துக்குச் சீமெந்தும் வேண்டாம். மண் குடிக்கிற தண்ணீரையும் சீமெந்து சுவருக்குத்தான் தள்ளும்.

மாப்பிள்ளையின் மாமனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உடைப்பு வடிவில்லை என்றால் இரண்டு பக்கமும் தூண் எழுப்பி, அடியால் தண்ணீர் போகத்தக்கதாக ஒரு மரப்படலை போடலாம். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்துப் படலை என்று சொன்னால் மதிப்புத்தான். நேற்று இதை மேசனிடம் சொன்னேன். "அம்மா, காசு அனுப்பினது தம்பி. தம்பி எழுதின மாதிரித்தான் நான் செய்வன்" என்று தலையைச் சொறிந்தான். நல்ல ஆற்றுமண், நல்ல சீமெந்து, உள்ளே கம்பி என்று நீ எழுதியிருக்கிறாயாம். கெட்டிக்காரன். இந்தமுறை உப்பு மண் யாரையும் காப்பாற்றாது.

மழைத்துளி விழத் தொடங்கிவிட்டது, கடதாசி நனைகிறது, முடிக்கிறேன். நாளைக்குத் தபாற்கந்தோருக்கு வாசுகியிடம் கொடுத்து அனுப்புவேன். வியாழக்கிழமை மேசன் வந்தால் திரும்பவும் சொல்லிப் பார்ப்பேன். கேட்காவிட்டால் கட்டட்டும், நான் குறுக்கே விழுந்து படுக்கமாட்டேன், தேத்தண்ணியும் போட்டுக் கொடுப்பேன். புதுக்கலவை இறுக ஏழு நாள் வேண்டும் என்று அவனே சொன்னான். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, கை கொஞ்சம் நடுங்கும். ஆனால் ஏழு நாள் தாராளம். அலவாங்கு என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, இந்தமுறை உலை வைத்துவிட்டு யோசிக்க மாட்டேன்.

அம்மா